கோவையில் ஓய்வுக்காலக் குடியிருப்பு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் வீட்டுக்காரரும் சென்னை நங்கநல்லூரில் முப்பது வருஷம் இருந்தவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டைப் பூட்டிவிட்டு கோயம்புத்தூருக்கு வந்தோம். முதலில் ஒரு மூத்தோர் குடியிருப்பில் பதினான்கு மாதம் வாடகைக்கு இருந்தோம். அது சரிப்படவில்லை. இப்போது இருப்பது இரண்டாவது இடம், சொந்த வீடு. எனக்கு 69, அவருக்கு 75. அவருக்கு நாலு வருஷமாக பார்க்கின்சன்.

மாதம் இரண்டு மூன்று போனாவது வந்துவிடும். "நாங்களும் அங்கே வந்துடலாம்னு இருக்கோம், எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓடும். எல்லோருக்கும் அதே பதிலைச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதி வைத்துவிட்டேன். எந்தக் குடியிருப்பின் பெயரும் இதில் இருக்காது. நல்ல பெயர் எடுத்த இடம்கூட நிர்வாகம் கைமாறினால் ஆறே மாதத்தில் வேறு இடமாகிவிடும்.

இது முதியோர் இல்லம்தானே? பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே?

என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி இது. "பையன் அனுப்பிட்டானா?" என்பது இரண்டாவது.

இல்லை. முதியோர் இல்லத்தில் உங்களுக்கு ஒரு கட்டில் அல்லது ஓர் அறை கிடைக்கும், சாவி அவர்களிடம். இங்கே உங்கள் வீடு, உங்கள் பூட்டு. சமையல், பெருக்கித் துடைப்பது, பல்பு மாற்றுவது, ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் ஓடி வருவது, இவை மட்டும் அவர்கள் பொறுப்பு. வேண்டுமென்றால் வீட்டிலும் சமைத்துக்கொள்ளலாம். நான் காபி மட்டும் போடுகிறேன். அந்த டிகாக்‌ஷனை யாரிடமும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஏன் எல்லோரும் கோயம்புத்தூருக்கே போகிறார்கள்?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஜூன், ஜூலையில் சென்னை வெந்துகொண்டிருக்கும்போது இங்கே ஜன்னல் கதவு படார் படார் என்று அடிக்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதும் ஒரு காரணம். அப்புறம் ஆஸ்பத்திரிகள். பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., கங்கா, ஜி.கே.என்.எம். என்று பெரிய ஆஸ்பத்திரிகள் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. பீளமேட்டில் விமான நிலையம் இருப்பதால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் வசதி.

சிறுவாணித் தண்ணீர் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் பல இடங்களில் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர்தான். ஏப்ரல், மே மாதத்தில் எத்தனை டேங்கர் லாரி உள்ளே வருகிறது என்று கேட்டில் இருக்கும் வாட்ச்மேனைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். விற்பனை ஆபீசில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது.

சொந்தமாக வாங்குவதா, டெபாசிட் கட்டுவதா, வாடகையா?

மூன்று வழியும் இருக்கிறது. என் கட்சி வாடகைதான், குறைந்தது முதல் வருஷத்துக்கு. பத்து நாள் விருந்தினர் அறையில் தங்கிப் பார்ப்பது போதாது. அந்தப் பத்து நாளும் நீங்கள் மாப்பிள்ளை மாதிரி கவனிக்கப்படுவீர்கள். ஒரு மழைக்காலம், ஒரு தீபாவளி, ஒரு காய்ச்சல், இவ்வளவும் அங்கே கழிந்தால்தான் இடம் எப்படி என்று தெரியும்.

சொந்தமாக வாங்கினால் கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் பதிவாகும், பின்னால் விற்கலாம். ஆனால் வாங்குகிறவரும் 55 அல்லது 60 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். ஆகவே சாதாரண அபார்ட்மென்ட் மாதிரி சட்டென்று விலை போகாது. முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

டெபாசிட் முறையில் ஒரு பெரிய தொகையைக் கட்டி ஆயுள் முழுக்க இருக்கலாம். கிளம்பும்போதோ காலத்துக்குப் பின்னோ, வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கிரயப் பத்திரப்பதிவுச் செலவு இல்லை, நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்துக்கு உங்களிடம் அடமானம் எதுவும் கிடையாது. நடத்துகிறவர் நொடித்துப் போனால் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்கள் பின்னால்தான் நிற்பீர்கள். "அடுத்த ஆள் வந்து கட்டியபிறகுதான் திருப்பித் தருவோம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எத்தனை மாதத்துக்குள் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பேப்பர் பார்க்க வேண்டும்?

வீடு வாங்கும்போது பார்ப்பதெல்லாம்: தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி. மலையடிவாரக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், எல்லோரும் சொல்வதுபோல் ஹாகாவின், எல்லைக்குள் வருகின்றன. அங்கே கட்ட அதன் அனுமதியும் வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ, மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த ஆணையமான ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வைத்துத் தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். கட்டுமானத்தில் குறை வந்தால் வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும் என்பதும் அந்த 2016 சட்டத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். வக்கீலும் பார்க்காமல் விடுவது இரண்டாவது ஒப்பந்தம்.

அதென்ன இரண்டாவது ஒப்பந்தம்?

நாங்கள் முதல் இடத்தை விட்டு வந்ததற்கே காரணம் அதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஓய்வுக்காலக் குடியிருப்பில் இரண்டு ஒப்பந்தம் உண்டு. ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று சேவைக்கு. சாப்பாடு, சுத்தம், நர்ஸ், பாதுகாப்பு எல்லாம் இரண்டாவதில் வரும். பெரும்பாலும் கட்டியவர் ஒருவர், நடத்துகிறவர் வேறொருவர். முதல் ஒப்பந்தத்தை வைத்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். ஆனால் அன்றாடம் நாம் வாழ்வது இரண்டாவதை வைத்து.

நாங்கள் குடிபோனபோது சாப்பாடு தேவாமிர்தம். எட்டாவது மாதம் நடத்துகிற கம்பெனி விலகிக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், புது கம்பெனி வருகிறது, கட்டணம் மாறுகிறது என்று. அந்த வாரமே ராத்திரி நர்ஸ் நின்றுபோனார். ரசம் வெந்நீரில் மஞ்சள் கரைத்தது போலானது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் சண்டைக்குப் போனபோது ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். "சேவை வழங்குநரை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்று ஒரே வரி. நான் வங்கியில் கடன் பிரிவில் 31 வருஷம் இருந்தவள், மற்றவர்களின் பத்திரத்தைப் படித்தே காலம் தள்ளியவள். என்னுடையதைப் படிக்கவில்லை.

ஆகவே அந்த ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: மாதக் கட்டணம் வருஷத்துக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறதா? நடத்துகிறவரை மாற்றக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஓட்டு உண்டா? பெரிய பழுதுச் செலவுக்கென்று முதலிலேயே வாங்கிவைக்கும் கார்பஸ் ஃபண்ட் பணம் யார் பெயரில் இருக்கிறது? மாதக்கணக்கில் பிள்ளை வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக் காசு குறையுமா? எந்த நிலையில் "உங்களை இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்று சொல்வார்கள்?

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் ஒன்று வெளியிட்டது. கட்டியவர், நடத்துகிறவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அது. மாதிரிதான், தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அச்செடுத்து மேஜையில் வையுங்கள். எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மாதம் எவ்வளவு ஆகும்?

ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு கணக்கு. எங்கள் இருவருக்கும் பராமரிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, கரண்ட் எல்லாம் சேர்த்து இப்போது 38,000 வருகிறது. அவருக்கு உதவிக்குப் பகல் நேர ஆள் வைத்திருப்பது தனி.

இன்றைய கட்டணத்தைக் கேட்டுவிட்டு "சமாளிச்சுடலாம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். மாதம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருஷத்தில் 50,000. பதினெட்டு வருஷத்தில் ஒரு லட்சம். அறுபத்தைந்தில் வருகிறவருக்கு அப்போது 83 வயது, ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய வயது. இந்தப் பக்கம் வரவு என்ன? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதத்துக்கு 20,500. அது ஐந்து வருஷமும் அசையாமல் அப்படியே இருக்கும், கட்டணம்தான் ஏறும். வீட்டுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு படுக்கையறை வேண்டாம், ஒன்று போதும். வித்தியாசத்தை வங்கியில் போடுங்கள்.

ஜிஎஸ்டியையும் கேளுங்கள். குடியிருப்போர் சங்கமே பராமரிப்புத் தொகை வசூலித்தால் வீட்டுக்கு மாதம் 7,500 வரை வரி இல்லை. கம்பெனி நேரடியாக வசூலித்தால் அந்தச் சலுகை கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம்.

இடம் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

மாதிரி வீட்டை ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும். கதவு மூன்றடி அகலமா, குளியலறை வாசலில் படி இருக்கிறதா, கைப்பிடிக் கம்பி சுவரில் உறுதியாக இருக்கிறதா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா. என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துத் தொங்கியே பார்ப்பார்.

அப்புறம் அவசர பொத்தான். நாங்கள் பார்த்த ஓர் இடத்தில் குளியலறைச் சுவரில் சிவப்பாக ஒன்று இருந்தது. இவர் பேச்சோடு பேச்சாக அதை அழுத்திவிட்டார். விற்பனைப் பையன் கிளப் ஹவுஸ் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நிமிஷங்கள் போயின, யாரும் வரவில்லை. "சார், அதுக்கு இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கலை" என்றான். அந்தக் கட்டடத்தில் அப்போதே முப்பது குடும்பம் இருந்தது. இப்போது இருக்கும் இடத்திலும் அதே வேலையைச் செய்தார், காலை 10.40-க்கு. நாலாவது நிமிஷம் ஒரு நர்ஸ் பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள், கையில் பி.பி. மிஷின், காலில் ஒரே ஒரு செருப்பு. மற்றொன்று மாடிப்படியில் கிடந்தது. அந்தப் பெண்ணிடம் இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி முடிவாகிவிட்டது.

முடிந்தால் ராத்திரியும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் நல்லது, அன்றைக்குத்தான் ஆள் குறைவாக இருக்கும்.

சாப்பாடு எப்படி இருக்கும்?

சண்டைகளில் முக்கால்வாசி டைனிங் ஹாலில்தான். ஒருவருக்கு உப்பு ஆகாது, இன்னொருவருக்கு சர்க்கரை, பக்கத்து மேஜைக்காரருக்கு வெங்காயம் பூண்டு ஆகாது, மும்பையிலிருந்து வந்தவர்களுக்கு ராத்திரி சப்பாத்தி இல்லாவிட்டால் தூக்கம் வராது. இருநூறு பேருக்குச் சமைக்கிறவர் என்ன செய்வார், பாவம். நடுவாந்தரமாக ஒரு ருசியில் நிறுத்திவிடுகிறார்.

பல இடங்களில் சைவம் மட்டும். சில இடங்களில் வீட்டுக்குள்ளும் அசைவம் சமைக்கக் கூடாது என்று எழுதாத விதி இருக்கும். மீன் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் வெட்கப்படாமல் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நீங்கள் பார்க்கப் போகிற நாளில் சொல்லாமல் போய், காசு கொடுத்து, அன்றைய சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். தட்டு கழுவும் இடத்தில் எவ்வளவு மிச்சம் கொட்டுகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு தடவை காரில் போய்ப் பாருங்கள். தொண்டாமுத்தூர், பேரூர் பக்கத்திலிருந்து பீளமேடு போக ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். உள்ளேயே ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றால், ராத்திரி டிரைவர் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். 65 வயதுக்கு மேல் புது பாலிசி கிடையாது என்ற பழைய பேச்சு 2024 ஏப்ரலோடு போய்விட்டது, வயது வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துவிட்டது. பிரீமியம் கசக்கும், அது வேறு விஷயம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம்வரை இருக்கலாம், அதனால்தான் சீக்கிரம் என்கிறேன்.

ஞாபக மறதி வந்துவிட்டால் அங்கேயே இருக்கலாமா?

கடினமான கேள்வி, இதைக் கேட்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலான இடங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்காகக் கட்டியவை. எழுந்து நடக்க, குளிக்க உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அசிஸ்டட் லிவிங் என்று தனிப் பகுதி சில இடங்களில் உண்டு. மறதி நோய் முற்றினால் அதையும் தாண்டிய கவனிப்பு வேண்டும்.

எங்கள் வரிசையில் ஒரு மாமி, ரிட்டயர்டு தலைமை ஆசிரியை. போன வருஷம் ராத்திரிகளில் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று. கையில் குடையும் பையும் இருக்கும். வாட்ச்மேன் "டீச்சர், இன்னிக்கு லீவு" என்பார். "ஏன் எனக்குச் சொல்லலை?" என்று முறைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்று மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் மகள் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போனார். நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மாமியும் மகளும் அதைப் படித்திருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

வீட்டைப் பிள்ளை பெயரில் வாங்கலாமா?

உங்கள் பணம் என்றால் உங்கள் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து. பிள்ளைக்கு உயில் எழுதி வையுங்கள், போதும்.

பழைய வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அவர்கள் பராமரிக்கவில்லையென்றால், 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

யானை வருமாமே?

தடாகம், தொண்டாமுத்தூர், மருதமலை அடிவாரத்தில் வரும். நாம் அதன் பாதையில்தான் போய்க் கட்டியிருக்கிறோம். அதிகாலை வாக்கிங்கை காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரில் ஒருவர் போய்விட்டால்?

பணக் கணக்கு முதலில்: பராமரிப்புத் தொகை பாதியாகாது. அது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. சாப்பாடு மட்டும் குறையும். பென்ஷன் வாங்குகிறவர் போனால், அடுத்தவருக்கு வரும் குடும்பப் பென்ஷனோ அதைவிடக் குறைவு. ஆகவே ஒருவர் வருமானத்தில் அந்த வீட்டில் இருக்க முடியுமா என்று இன்றே போட்டுப் பாருங்கள்.

மற்றபடி, தனியாக இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி இடம் நல்லது என்றே சொல்வேன். எங்கள் பிளாக்கில் காலை ஏழரைக்குள் யாராவது பால் பாக்கெட்டை எடுக்கவில்லை என்றால் எதிர் வீடு கதவைத் தட்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வந்து சேரும்வரை ஃப்ரீசர் பாக்ஸ், ஆத்துப்பாலம் மின்மயானம், பேரூர்ப் படித்துறையில் காரியம், எல்லாவற்றுக்கும் போன் நம்பர் எங்கள் சங்கச் செயலாளரிடம் ஒரு சின்ன நோட்டில் இருக்கிறது. கேட்கவே கூசும் கேள்விதான். கேட்டுவிடுங்கள்.

எந்த வயதில் வருவது சரி?

இருவரும் நடமாடும்போது. எண்பதில் வந்தால் புது ஆட்களோடு பழக உடம்பும் மனசும் ஒத்துழைக்காது. எங்களுக்கு அவருடைய நோய் தெரிவதற்கு முன்னாலேயே வந்தது அதிர்ஷ்டம், சீட்டாட்டக் கூட்டாளிகள் அப்போதே அமைந்துவிட்டார்கள். இப்போது கை நடுங்குவதால் சீட்டை மரத்தாங்கியில் செருகி வைக்கிறார். அதைச் செய்து கொடுத்தது எதிர் வீட்டு ரிட்டயர்டு இன்ஜினீயர். ரம்மியில் தோற்கும்போது "தாங்கி சரியில்லை" என்று அவர் மேலேயே பழி போடுகிறார் என் வீட்டுக்காரர்.

என்னென்ன சாமான் கொண்டுவர வேண்டும்?

கொண்டுவரக் கூடாதவற்றைச் சொல்வது சுலபம். கிரைண்டர், பித்தளை அண்டா, கொலு பெட்டியில் பாதி, பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகம், சோபா. நான் அண்டாவைக் கொண்டுவந்தேன். ஆறு வருஷமாக அதில் குடைகள் நிற்கின்றன. இரும்பு பீரோ வேண்டுமென்றால் முதலில் லிஃப்டை அளந்துவிடுங்கள். எங்களுடையது நுழையவில்லை, நாலு பேர் படி வழியாக மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள், 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.